பட்டறையில் பார்வை மாற்றுத்திறனாளிகள்: வேலையும் உரிமையும் – தெரிந்துகொள்ள வேண்டியவை

பார்வை மாற்றுத்திறனாளி ஒருவர் ஆசிரியர் ஆனார், வங்கி அதிகாரி ஆனார் என்றால் அது செய்தி. சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன் 2015இல் இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வானபோது நாடே கொண்டாடியது. ஆனால் அதே பார்வை மாற்றுத்திறனாளி ஒரு லேத் பட்டறைக்கோ, மோட்டார் காயில் கட்டும் கடைக்கோ, பைண்டிங் யூனிட்டுக்கோ போய், "எனக்கு வேலை தெரியும், வேலை கொடுங்க"ன்னு கேட்டால் என்ன பதில் வருது? "பாவம் தம்பி, உனக்கு எதுக்கு ரிஸ்க்? வீட்லயே இருக்கலாமே." சொல்பவர் கெட்டவர் இல்லை, அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் ஒருவருடைய மாதச் சம்பளம் போய்விடுகிறது.

இந்தக் கட்டுரை மூன்று பேருக்காக: கைத்தொழில் தெரிந்த பார்வை மாற்றுத்திறனாளிகள், அவர்களுடைய குடும்பத்தார், அவர்களுக்கு வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள். பார்வை இல்லாமல் தொழில் செய்வது எப்படி, எது பாகுபாடு, சட்டம் என்ன சொல்கிறது, புகார் எங்கே கொடுப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் பார்வை மாற்றுத்திறனாளி?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இரண்டு வகையாகப் பிரிக்கிறது. முதலாவது, முழுப் பார்வையின்மை. பார்வை அறவே இல்லாதவர்களோடு, கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் பார்வைத்திறன் 3/60க்குக் கீழே உள்ளவர்களும், பார்வைப் புலம் 10 டிகிரிக்கும் குறைவாகச் சுருங்கியவர்களும் இதில் வருவார்கள். இரண்டாவது, குறை பார்வை. இவர்களுக்கு ஓரளவு தெரியும், ஆனால் கண்ணாடியால் முழுசாகச் சரிசெய்ய முடியாது.

இது ஏன் முக்கியம்னா, "கொஞ்சம் தெரியுதே, அப்புறம் என்ன?" என்று குறை பார்வை உள்ளவர்களையும், "ஒண்ணுமே தெரியலையே, அப்புறம் எப்படி?" என்று முழுப் பார்வையின்மை உள்ளவர்களையும் திருப்பி அனுப்புவது நடக்கிறது. இரண்டு தரப்புக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு.

கண் இல்லாமல் கைத்தொழில் எப்படி?

ஒரு பட்டறையில் நடப்பதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். டூல் முனை மழுங்கிவிட்டது என்பதை அனுபவமுள்ள லேத் தொழிலாளி சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். பேரிங் சூடாகிறதா என்று கை வைத்துப் பார்ப்பார். வெட்டிய விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். துளையின் அளவு சரியா என்று 'கோ – நோ கோ' கேஜைச் செருகிப் பார்ப்பார். ஒரு முனை நுழையணும், இன்னொரு முனை நுழையக் கூடாது. இதில் எதற்குமே கண் தேவைப்படவில்லை. நல்ல பார்வை உள்ளவர்களே பாதி வேலையைக் காதாலும் கையாலும்தான் செய்கிறார்கள்.

மீதிப் பாதிக்கு வழிகள் இருக்கின்றன. அளவைப் படித்துச் சொல்லும் பேசும் கருவிகளும், விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லி குறியிட்ட அளவுகோல்களும் உண்டு. டிரில்லிங் மெஷினில் ஒரு ஸ்டாப்பர் வைத்தால் துளை ஒரே ஆழத்தில் நிற்கும். ஜிக் வைத்தால் பொருள் ஒரே இடத்தில் உட்காரும். காயில் சுற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ண, ஒவ்வொரு சுற்றுக்கும் 'கிளிக்' சத்தம் தரும் கவுன்டர் போதும். பிரம்பு நாற்காலி பின்னுவது, தறி நெய்வது, புத்தகம் பைண்டிங் செய்வது எல்லாம் பார்வை மாற்றுத்திறனாளிகள் பல தலைமுறைகளாகச் செய்துவரும் வேலைகள்.

வரலாற்றிலும் உதாரணம் நிறைய. பிரான்ஸைச் சேர்ந்த கிளோட் மோன்தால் 1830களில் பியானோ சுருதி சேர்க்கும் தொழிலைத் தானே கற்று, மற்ற பார்வையற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஐரோப்பா முழுக்க அது பார்வையற்றவர்களின் மரியாதைக்குரிய தொழிலாக ஆனது. அமெரிக்காவில் ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதில் விபத்தில் பார்வையை இழந்தவர். பொறியியல் படித்து, முதல் உலகப் போர்க் காலத்தில் போர்க்கப்பல் டர்பைன்களின் சுழலியைச் சமன் செய்யும் நுணுக்கமான வேலையைச் செய்தார். அதிர்வைக் கையால் உணர்ந்து சரிசெய்யும் வேலை அது. இன்று கார்களில் இருக்கும் 'குரூஸ் கன்ட்ரோல்' வசதிக்கு 1950இல் காப்புரிமை வாங்கியவரும் இவர்தான்.

மருத்துவத் துறையிலும் இது நடக்கிறது. ஜெர்மனியில் தொடங்கிய ஒரு திட்டத்தில், பார்வையற்ற பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மார்பகத்தில் இருக்கும் சின்னக் கட்டிகளைத் தொட்டுக் கண்டறியும் பரிசோதகர்களாக ஆக்கினார்கள். அந்தப் பயிற்சி இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. ஐதராபாத்தில் ஸ்ரீகாந்த் பொல்லா என்ற பார்வையற்ற தொழில்முனைவோர் 2012இல் தொடங்கிய பொல்லண்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம், சுற்றுச்சூழலுக்கு ஏற்ற பேக்கிங் பொருள்களைத் தயாரிக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலையும் தருகிறது.

10 வேலைதான் முடியுமா?

இங்கே ஒரு பழைய கணக்கைச் சொல்லியாகணும். கார் தயாரிப்பாளர் ஹென்றி ஃபோர்டு 1922இல் வெளியிட்ட தன் புத்தகத்தில், தன்னுடைய தொழிற்சாலையில் இருந்த 7,882 வகை வேலைகளை ஆராய்ந்ததாகச் சொல்கிறார். அதில் பார்வையற்றவர்கள் செய்யக்கூடியவை என்று வந்த எண்ணிக்கை வெறும் 10.

ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு தகவலும் இருக்கிறது. நட்டு, போல்ட் எண்ணி அனுப்பும் பிரிவில் பார்வையற்ற ஒருவரைப் போட்டார்கள். அங்கே ஏற்கெனவே பார்வையுள்ள இரண்டு பேர் அந்த வேலையில் இருந்தார்கள். இரண்டே நாளில் மேற்பார்வையாளர், "அந்த இரண்டு பேரை வேறு பிரிவுக்கு மாத்திக்கோங்க, இவர் ஒருத்தரே மூணு பேர் வேலையையும் முடிச்சுடறார்" என்று எழுதி அனுப்பிவிட்டாராம்.

மேஜையில் உட்கார்ந்து 'இவரால் எது முடியும்' என்று பட்டியல் போட்டால் 10 வரும். ஆளை வேலையில் நிறுத்திப் பார்த்தால் வேறு பதில் வரும். நூறு வருடத்துக்கு முந்தைய இந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்துகிறது.

பாகுபாடு எந்த வடிவத்தில் வரும்?

பாகுபாடு என்றால் திட்டுவதும் விரட்டுவதும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது அமைதியாகத்தான் நடக்கும்.

• வேலை தெரியுமா என்று செய்து காட்டச் சொல்லாமலே திருப்பி அனுப்புவது.

• ஒரே வேலை, ஒரே அளவு உற்பத்தி, ஆனால் கூலி மட்டும் குறைவாகக் கொடுப்பது.

• "நீ சும்மா உட்காரு, சம்பளம் வந்துடும்" என்று வேலையே தராமல் வைத்திருப்பது. கேட்க நல்லாயிருக்கும். ஆனால் இரண்டு வருடம் கழித்து, "இவருக்கு அனுபவம் இல்லை" என்று பதவி உயர்வை மறுக்க இதுவே காரணமாகிவிடும்.

• புது மெஷின் வந்தால் எல்லோருக்கும் பயிற்சி, இவருக்கு மட்டும் இல்லை.

• வருகைப்பதிவு, விடுப்பு விண்ணப்பம் எல்லாம் செயலியில். ஆனால் அந்தச் செயலி திரை வாசிப்பானோடு வேலை செய்யாது. அறிவிப்பு எல்லாம் வாட்ஸ்அப்பில் படமாக வரும், அதை போனால் படித்துச் சொல்ல முடியாது.

• பணிக்காலத்தில் பார்வை குறைந்தவரை, "நீங்களே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுங்க" என்று ராஜினாமா கேட்பது.

சட்டம் என்ன சொல்லுது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை தொடர்பான முக்கியமான பிரிவுகள் இவை:

பிரிவு 3: மாற்றுத்திறன் என்ற காரணத்துக்காக யாரிடமும் பாகுபாடு காட்டக் கூடாது. தேவையான 'நியாயமான வசதி'யை மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டத்தின் விளக்கப் பகுதியே சொல்கிறது.

பிரிவு 20: அரசு நிறுவனங்களுக்கானது. வேலையில் பாகுபாடு கூடாது. நியாயமான வசதி தரணும். மாற்றுத்திறனை மட்டும் காரணமாகச் சொல்லிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது.

பிரிவு 21: ஒவ்வொரு நிறுவனமும் 'சம வாய்ப்புக் கொள்கை' ஒன்றை வெளியிட்டு, ஆணையரிடம் பதிவு செய்யணும். இது தனியாருக்கும் பொருந்தும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் என்னென்ன வசதிகள் தரப்படும் என்பதையும் அதில் விவரமாகச் சொல்லணும்.

பிரிவு 34: அரசுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இட ஒதுக்கீடு. அதில் 1 சதவீதம் பார்வையின்மை, குறை பார்வை உள்ளவர்களுக்கு.

தனியார் துறையில் இட ஒதுக்கீடு கட்டாயம் இல்லை. மொத்தப் பணியாளர்களில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் இருக்கும்படி தனியாரை ஊக்குவிக்க அரசு சலுகைகள் வழங்கலாம் என்று பிரிவு 35 சொல்கிறது. ஆனால் ஒதுக்கீடு இல்லை என்பதால் பாகுபாடு காட்டலாம் என்று அர்த்தம் இல்லை. பிரிவு 3 எல்லோருக்கும் பொது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இட ஒதுக்கீட்டுக்குத்தான் 40 சதவீதக் குறைபாடு என்ற அளவு. பாகுபாடு இல்லாமல் நடத்தப்படும் உரிமைக்கும், நியாயமான வசதிக்கும் அந்த 40 சதவீதம் கட்டாயம் இல்லை. உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில், பார்வை மாற்றுத்திறனாளி என்பதற்காக மட்டும் ஒருவருக்கு நீதித்துறைப் பணி வாய்ப்பை மறுக்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது.

"சேஃப்டி" என்று சொன்னால் முடிந்ததா?

வேலை தர மறுக்கும்போது பெரும்பாலும் வரும் காரணம் இதுதான். பாதுகாப்பு முக்கியம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடாது.

ஒரு நியாயமான நோக்கத்துக்காக, அந்த நோக்கத்துக்கு ஏற்ற அளவில் மட்டும் எடுக்கும் நடவடிக்கையைத்தான் சட்டம் விதிவிலக்காக ஏற்கிறது. அதாவது, கனரக வாகனம் ஓட்டும் வேலைக்குப் பார்வை வேணும் என்றால் அது நியாயம். ஆனால் பாதுகாப்பு மூடி போட்ட டிரில்லிங் மெஷினில், ஜிக் வைத்துச் செய்யும் வேலைக்கும் அதே காரணத்தைச் சொன்னால், அதை விளக்க வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. 2017ஆம் ஆண்டின் விதிகளின்படி, பாகுபாடு பற்றிப் புகார் வந்தால் நிறுவனத் தலைவர் சட்டப்படி நடவடிக்கை எடுக்கணும். இல்லையென்றால், தான் எடுத்த முடிவு எப்படி நியாயமானது என்று எழுத்துபூர்வமாகப் பதில் தரணும். "வாயால சொல்லிட்டோமே" என்பது போதாது.

நியாயமான வசதி என்றால் என்ன?

நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமை ஆகாமல், ஒருவர் மற்றவர்களைப் போல வேலை செய்யத் தேவையான மாற்றம். சில உதாரணங்கள்:

• கருவிகளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பது என்ற ஒழுங்கு. இதுக்குச் செலவே இல்லை. மொத்தப் பட்டறைக்கும் நல்லது.

• நடக்கும் வழியில் சரக்கு, வயர் எதுவும் கிடக்காமல் பார்த்துக்கொள்வது.

• சுவிட்சுகளிலும் டப்பாக்களிலும் தடவினால் தெரியும்படி அடையாளம் ஒட்டுவது.

• குறை பார்வை உள்ளவருக்குக் கூடுதல் விளக்கு, பெரிய எழுத்தில் ஜாப் கார்டு.

• கம்ப்யூட்டர் இருந்தால் 'என்விடிஏ' போன்ற திரை வாசிப்பான். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006இல் தொடங்கிய மென்பொருள் இது, இலவசம், தமிழையும் வாசிக்கும்.

• வாட்ஸ்அப் அறிவிப்பைப் படமாக அனுப்பாமல், எழுத்தாகவோ குரல் பதிவாகவோ அனுப்புவது.

இதற்கான செலவை முழுசாகவோ பாதியாகவோ அந்தத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. "பேசும் அளவுகோலை நீயே வாங்கிக்கோ" என்று சொல்ல முடியாது.

நடுவில் பார்வை போனால்?

சர்க்கரை நோய், கண் நீர் அழுத்தம், விழித்திரை நோய், விபத்து எனப் பல காரணங்களால் நடுவயதில் பார்வை குறையலாம். இருபது வருடம் மோட்டார் காயில் கட்டிய ஒருவரை நினைத்துக்கொள்வோம். பார்வை குறைந்ததும் அவருடைய இருபது வருட அனுபவம் காணாமல் போய்விடாது. மோட்டார் எந்தச் சத்தம் போட்டால் எங்கே கோளாறு என்று அவருக்குத் தெரியும். புதுப் பையன்களுக்கு அவரால் சொல்லிக்கொடுக்க முடியும்.

அவர் அரசு நிறுவனத்தில் இருந்தால், பிரிவு 20இன்படி பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை வேலையை விட்டு நீக்கவோ, பதவியைக் குறைக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு வேலைக்கு மாற்றணும். அதுவும் முடியாவிட்டால், பொருத்தமான இடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்கணும்.

தனியாரில் இந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் பிரிவு 3இன்படி நியாயமான வசதி கேட்கும் உரிமை உண்டு. அதனால் யார் சொன்னாலும் அவசரப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பார்வை போனது வேலையிட விபத்தால் என்றால், இஎஸ்ஐ அல்லது தொழிலாளர் இழப்பீடு தனியாகக் கிடைக்க வேண்டியது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புகார் செய்வது எப்படி?

1. ஆதாரம் சேருங்கள். வேலைக்கு அழைத்த விளம்பரம், குறுஞ்செய்தி, சம்பள ரசீது, தேதிவாரியான குறிப்பு எதுவானாலும் போனில் சேமித்து வையுங்கள். குரல் குறிப்பாகப் பதிவு செய்தாலும் சரி.

2. அடையாள அட்டை. தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லை என்றால், ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அரசு மருத்துவமனையில் கண் பரிசோதனைக்குப் பிறகு அட்டை கிடைக்கும்.

3. முதலில் நிறுவனத்துக்கே எழுதுங்கள். என்ன நடந்தது, என்ன வசதி வேணும் என்று ஒரு பக்கம் போதும். மின்னஞ்சலில் அனுப்பினால் தேதியோடு பதிவாகிவிடும். அரசு நிறுவனம் என்றால் அங்கே குறைதீர்க்கும் அலுவலர் இருப்பார். புகார் பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்கணும்.

4. மாவட்ட அளவில், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் நேரில் பார்க்கலாம். 'முதல்வரின் முகவரி' உதவி எண் 1100க்கு அழைத்தும் பதிவு செய்யலாம்.

5. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். பாகுபாடு புகாரை இவருக்கு அனுப்பினால், விதிகளின்படி 60 நாளுக்குள் முடிவு செய்யணும். சாட்சியை அழைக்க, ஆவணங்களைக் கேட்டு வாங்க இவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு.

6. இலவச சட்ட உதவி. மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100க்கு அழைக்கலாம்.

சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரை.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க பட்டறையில மொத்தமே ஆறு பேருதான். எங்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். விரிவான கொள்கை எழுதுவதற்குத்தான் 20 பேர் என்ற கணக்கு. பாகுபாடு கூடாது என்பது ஆறு பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் சேர்த்துத்தான்.

வேலைக்கு எடுத்து, சரியா செய்யலைன்னா?

மற்றவர்களுக்கு வைக்கும் அதே அளவுகோலை வையுங்கள். நியாயமான வசதியும் பயிற்சியும் கொடுத்த பிறகு வேலையின் தரத்தைப் பார்ப்பது பாகுபாடு இல்லை. கொடுக்காமலே பார்ப்பதுதான் பிரச்சினை.

என் போன் பேசுமா?

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், அணுகல்தன்மை பகுதியில் 'டாக்பேக்'கை இயக்குங்கள். ஐபோனில் அது 'வாய்ஸ்ஓவர்'. கூடுதல் செலவு இல்லை. இந்தக் கட்டுரையையே உங்கள் போன் வாசித்துக் காட்டும்.

பயிற்சி எங்கே கிடைக்கும்?

தேசிய பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையம் பூந்தமல்லியில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் இப்போது என்ன பயிற்சி நடக்கிறது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ, 'விழுதுகள்' சேவை மையத்திலோ கேளுங்கள்.

வேலை கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அடுத்த முறை ஒரு பார்வை மாற்றுத்திறனாளி உங்கள் பட்டறை வாசலுக்கு வந்தால், முடியுமா முடியாதா என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். "எப்படிச் செய்வீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். ஒரு நாள் வேலையில் நிறுத்திப் பாருங்கள். எந்தக் கருவி எங்கே இருந்தால் வசதி என்று அவரையே கேளுங்கள், பதில் அவரிடம் இருக்கும்.

வேலை தேடும் நண்பர்களுக்கு: உங்களைத் திருப்பி அனுப்பினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு கடிதம் கையில் இருந்தால், மேலே சொன்ன ஒவ்வொரு கதவையும் தட்டலாம். தெரிந்த யாருக்காவது இது பயன்படும் என்று தோன்றினால், எழுத்தாகவே பகிருங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதை அவர்களுடைய போனால் படிக்க முடியாமல் போகலாம்.